ஓவன் இல்லாமல் கிரனோலா பார்: உதிராமல் நிற்க வைப்பது எப்படி?

ஓட்ஸையும் பருப்புகளையும் தேன் பசையில் பிடித்துச் செய்யும் கிரனோலா பாரை வீட்டில் முதன்முறை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நேரும். கத்தியை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்து, கடைசியில் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட வேண்டியிருக்கும். அல்லது பல்லைப் பதம் பார்க்கும் அளவுக்குக் கல்லாகிவிடும். பொருள்கள் எல்லாம் சொன்ன அளவில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் ஓவன் பார்க்க வேண்டிய வேலையை இங்கே யார் பார்ப்பது என்பதைச் செய்முறைக் குறிப்பு சொல்லியிருக்காது.

ஓவனில் வேகும் பாரில் சூடு ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்கிறது. ஓட்ஸிலும் பருப்புகளிலும் உள்ள ஈரத்தை விரட்டி மொறுமொறுப்பைத் தருகிறது. வறுபட்ட மணத்தைக் கொண்டுவருகிறது. தேனில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் வற்றவைத்து அதைப் பசையாக்குகிறது. ஓவன் இல்லையென்றால் இந்த மூன்றையும் நாம்தான் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். முதல் இரண்டுக்கும் வாணலி போதும். மூன்றாவதுக்கு ஒரு சின்னப் பாத்திரமும் ஒன்றரை நிமிடக் கொதியும் வேண்டும். மிச்சத்தைக் கையின் அழுத்தமும் ஃப்ரிட்ஜின் குளிரும் பார்த்துக்கொள்ளும். ‘சுடாத பார்’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு அடுப்பே தேவையில்லை என்று நினைப்பவர்கள்தான் உதிரியில் மாட்டிக்கொள்கிறார்கள். அடுப்பைத் தொடாமல் பேரீச்சையை வைத்துச் செய்யும் வழியும் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

கறாராகப் பார்த்தால் இந்தப் பாரில் கிரனோலாவே கிடையாது. 1863-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற ஊரில் மருத்துவ விடுதி நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன், முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு ‘கிரானுலா’ என்று பெயர் வைத்தார். இரவெல்லாம் ஊறவைத்தால்தான் அதை மெல்ல முடியும். ஜான் ஹார்வி கெல்லாக் அதே பெயரில் வேறொன்றைச் செய்ய, பெயர்த் தகராறு வந்து, அவருடையது ‘கிரனோலா’ ஆனது. ஆக, இரண்டு முறை சுட்ட பண்டத்தின் பெயரை இன்று ஒரு முறைகூடச் சுடாத பண்டம் சுமந்துகொண்டிருக்கிறது.

உலர்ந்தது எவ்வளவு, பசை எவ்வளவு

எந்தச் செய்முறையை எடுத்தாலும் பாரில் இரண்டே தரப்புதான். ஓட்ஸ், பருப்புகள், விதைகள், உலர்பழம் எல்லாம் ஒரு தரப்பு. அவற்றைப் பிடித்து வைக்கும் பசை இன்னொரு தரப்பு. உலர்ந்த பொருள் 100 கிராமுக்குப் பசை 80 கிராம் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பொருள்களை எப்படி மாற்றினாலும் பார் தப்பிக்கும். பசை 60 கிராமுக்குக் கீழே போனால் உதிரும். 100 கிராமை நெருங்கினால் விரலெல்லாம் ஒட்டும், வெட்டிய ஓரம் சரியும்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு, 12 பார்களுக்கு, அளவு இது:

ரோல்டு ஓட்ஸ் – 180 கிராம் (2 கப்)
பாதாம், முந்திரி, வேர்க்கடலை போன்றவை, நறுக்கியது – 90 கிராம்
பூசணி விதை, சூரியகாந்தி விதை, எள் – எல்லாம் சேர்த்து 40 கிராம்
உலர் திராட்சை அல்லது கிரான்பெர்ரி – 50 கிராம்
பீநட் பட்டர் – 130 கிராம் (அரை கப்)
தேன் – 130 கிராம் (6 மேசைக்கரண்டி)
பழுப்புச் சர்க்கரை – 30 கிராம்
உப்பு – கால் தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – 1 தேக்கரண்டி, விருப்பமிருந்தால்

உலர்ந்தவை 360 கிராம், பசை 290 கிராம். முடிந்தால் சமையலறைத் தராசில் நிறுத்துச் செய்யுங்கள். தேனைக் கரண்டியில் அளந்தால் கால்வாசி கரண்டியிலேயே தங்கிவிடும். பீநட் பட்டரைக் கப்பில் அழுத்தி நிரப்புவதற்கும் அப்படியே வழித்துப் போடுவதற்கும் 20 கிராம் வரை வித்தியாசம் வரும். இந்தப் பண்டத்தில் 20 கிராம் பசை என்பது சின்ன விஷயமில்லை. பாத்திரத்தைத் தராசில் வைத்து, முள்ளைச் சுழியமாக்கி, தேனை நேராக அதிலேயே ஊற்றினால் கரண்டி கழுவும் வேலையும் மிச்சம்.

உப்பை விட்டுவிடாதீர்கள். இனிப்புப் பண்டத்துக்கு உப்பு எதற்கு என்று தோன்றும். அது இல்லாத பாரில் தேனின் தித்திப்பு மட்டும் நாக்கில் நிற்கும், வறுத்த பருப்பின் சுவை பின்னுக்குப் போய்விடும். பீநட் பட்டரிலேயே உப்பு இருந்தால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்த ஓட்ஸ்

ரோல்டு ஓட்ஸ்தான். ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு நடுவே தட்டையாக நசுக்கியது அது. ஏற்கெனவே ஆவி கண்டதால் மறுபடி சமைக்காமலே சாப்பிடலாம். தட்டையாக இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஓடு அடுக்கியதுபோல் படிந்து பாருக்கு உடல் கொடுக்கும்.

உடனடி ஓட்ஸ் இன்னும் மெல்லியது, சிறு துண்டுகளாக இருக்கும். தேனில் உள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சிக் கூழாகிவிடும். பாரைக் கடித்தால் ஈரமான அட்டையைக் கடித்ததுபோல் இருக்கும். ஸ்டீல் கட் ஓட்ஸ் அதற்கு நேர் எதிர்: முழுத் தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது. சமைக்காமல் போட்டால் பல்லில் கல் கடிபடுவதுபோல் இருக்கும், எவ்வளவு வறுத்தாலும் மென்மையாகாது.

இங்கே ஒரு சின்ன உத்தி. 180 கிராம் ஓட்ஸில் கால் பங்கை, அதாவது 45 கிராமை, மிக்ஸியில் கரகரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். முழு ஓட்ஸுக்கும் பருப்புக்கும் இடையில் சந்துகள் விழும். வெறும் பசை அந்தச் சந்துகளை நிரப்பாது, வழிந்து அடியில் போய்த் தங்கும். பொடி அந்த இடங்களில் உட்கார்ந்து பசையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜல்லிக்கு இடையில் மணல் செய்யும் வேலை. பார் உதிர்கிறது என்று புலம்புபவர்கள் தேனைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

வாணலி வேலை

அடி கனமான வாணலியில் ஓட்ஸை மட்டும் முதலில் போட்டு, மிதமான தீயைவிடச் சற்றுக் குறைவாக வைத்து 6 முதல் 8 நிமிடம் கிளறுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஓட்ஸ் பெரிதாக நிறம் மாறாது. ஓரங்கள் மட்டும் லேசாகப் பொன்னிறம் காட்டும். மூக்கைத்தான் நம்ப வேண்டும். பச்சை மாவு வாசனை போய், பிஸ்கெட் வாசனை எழும்பும் நேரம் இறக்கும் நேரம். ஆறியதும் ஒரு சிட்டிகை எடுத்து மென்றால் சத்தம் வர வேண்டும். பொடித்துக்கொள்ள வேண்டிய கால் பங்கை வறுத்த பிறகு பொடிப்பது நல்லது. பொடியை வறுத்தால் அடியில் கருகும்.

பருப்புகளை வேறாக வறுங்கள். ஓட்ஸும் பாதாமும் ஒரே நேரத்தில் வறுபடாது, ஒன்று கருகும் அல்லது மற்றது பச்சையாக நிற்கும். விதைகளைக் கடைசியில் 2 நிமிடம் புரட்டினால் போதும், படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். உலர்பழத்தை வறுக்கக் கூடாது. அது காய்ந்து தோலாகிவிடும்.

பருப்பை எவ்வளவு பொடியாக நறுக்குவது? பட்டாணி அளவுக்கு மேல் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது. முழுப் பாதாம் பார்க்க அழகுதான். ஆனால் கத்தி அதன்மேல் இறங்கும்போது அது வெட்டுப்படாமல் நகரும். நகர்ந்த இடத்தில் பாரில் ஒரு விரிசல் விழும், பிறகு கையில் எடுக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் உடையும். முழுப் பருப்பு கண்ணில் பட வேண்டும் என்றால் மேலே தூவி அழுத்திக்கொள்ளலாம்.

ஒன்றரை நிமிடம்

பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி கைவந்த கலை. மற்றவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம், ஏனென்றால் பாரின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது.

தேனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 17, 18 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை தேன் ஒழுகும், வழியும், ஒட்டும். ஆனால் கெட்டியாகப் பிடிக்காது. கொதிக்க வைத்து அதில் ஒரு பங்கை ஆவியாக்கினால் மிச்சமிருக்கும் சர்க்கரை நெருங்கி வந்து, ஆறியதும் இழுத்தால் வளையும் பசையாகிறது. இன்னும் கொதிக்க விட்டால் ஆறியதும் கண்ணாடி மாதிரி உடையும் மிட்டாயாகிவிடும். உதிரும் பாரும் கல் பாரும் இந்த ஒரே பாத்திரத்திலிருந்து வருபவை, இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்தான் இடைவெளி.

தேன், பழுப்புச் சர்க்கரை, உப்பு மூன்றையும் சிறிய ஆனால் உயரமான பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் முக்கியம், தேன் கொதிக்கும்போது நுரைத்து மூன்று மடங்கு பொங்கும். மிதமான தீயில் வைத்துக் கிளறினால் முதலில் தேன் தண்ணீர்போல் இளகும். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு சிறு குமிழ்கள் வரும். இதைக் கொதி என்று கணக்கில் எடுக்காதீர்கள். சர்க்கரை கரைந்து, நடுவிலும் குமிழ் எழுந்து, பரப்பு முழுக்க வெளுத்த நுரை மூடும் தருணத்திலிருந்துதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தீயைக் கொஞ்சம் தணித்து 60 முதல் 90 நொடி. நுரையின் குமிழ்கள் முதலில் சின்னதாக, அவசரமாக வெடிக்கும். பிறகு பெரிதாகி, சோம்பலாக, ‘பொளக் பொளக்’ என்று மெதுவாக வெடிக்கத் தொடங்கும். கரண்டியைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழுந்தது இப்போது நாடாவாக இறங்கும். அதுதான் பதம்.

சந்தேகமாக இருந்தால் கிண்ணத்தில் குளிர்ந்த நீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீரில் கரைந்து பரவினால் இன்னும் கொதிக்க வேண்டும். அடியில் திரண்டு நின்று, விரலால் உருட்டினால் மெத்தென்ற உருண்டையாக வந்தால் இளம் உருட்டுப் பதம் வந்துவிட்டது, இறக்கிவிடலாம். உருண்டையை அழுத்தியும் நசுங்காமல் விறைப்பாக நின்றால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கும் வழி உண்டு: ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி ஒரு கொதி விட்டால் இளகும். சொட்டு விட்டுப் பார்க்கும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உருட்டிப் பார்க்கும் இருபது நொடியில் பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

வெப்பமானி வைத்திருப்பவர்கள் அதை நம்பிப் பல நேரம் ஏமாறுவது இந்த அளவில்தான். 160 கிராம் பாகு பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் உயரம்கூட நிற்காது. முனை சரியாக மூழ்காமல் ஆவியின் சூட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். நீரில் சொட்டு விடும் பழைய முறை இங்கே அதைவிட நம்பகமானது.

பீநட் பட்டரைத் தேனோடு சேர்த்துக் கொதிக்க வைக்கக் கூடாது. அதில் ஏறத்தாழ பாதி எடை எண்ணெய். நேரடிச் சூட்டில் எண்ணெய் பிரிந்து மிதக்கும், புரதம் திரிந்து மணல் மணலாகும், அடியும் பிடிக்கும். அடுப்பை அணைத்து, பாகின் நுரை அடங்கிய பிறகு பீநட் பட்டரையும் வெனிலாவையும் போட்டு வழவழப்பாகும்வரை கிளறினால் போதும், அந்தச் சூடே அதை இளக்கிவிடும். எண்ணெய் மேலே மிதக்கும் வகை பீநட் பட்டராக இருந்தால் டப்பாவை அடிவரை கலக்கிவிட்டு எடுங்கள். கலக்காமல் மேலாக எடுத்தால் வெறும் எண்ணெய் வரும், அடியில் இருப்பதை எடுத்தால் காய்ந்த களிமண் வரும். இரண்டும் பசையாகாது.

கலப்பதும் அழுத்துவதும்

பாகு சூடாக இருக்கும்போதே உலர்ந்த பொருள்களின் மேல் ஊற்றிக் கலக்க வேண்டும். ஓட்ஸ் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த ஓட்ஸில் பாகு பட்டதும் ஆங்காங்கே கட்டி பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து மேலாகப் புரட்டி, காய்ந்த ஓட்ஸ் ஒன்றுகூடக் கண்ணில் படாத வரைக்கும் கலக்குங்கள். ஒரு நிமிடம் ஆகும், கை வலிக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால் கலவை இறுகிவிடும்.

சாக்லேட் துண்டுகள் சேர்ப்பதாக இருந்தால் இப்போது போடாதீர்கள். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், அதாவது உடல் சூட்டுக்கும் கீழே. கலவை கைக்குச் சூடாகத் தெரியும்வரை சாக்லேட் தாங்காது, எல்லாம் பழுப்புக் குழம்பாகும். தட்டில் பரப்பி, ஐந்து நிமிடம் கழித்து மேலே தூவி அழுத்துவதுதான் எளிய வழி.

தட்டில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள், பிறகு தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. கலவையைக் கொட்டிப் பரப்பி, மேலே இன்னொரு துண்டு பட்டர் பேப்பரை வைத்து, அடி தட்டையான டம்ளரால் அழுத்துங்கள். முதலில் நான்கு மூலைகள், பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. நடுவில் தொடங்கினால் கலவை ஓரத்துக்கு ஒதுங்கி ஓரம் தளர்வாக நின்றுவிடும்.

எவ்வளவு அழுத்துவது? புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் போதாமல்தான் அழுத்துகிறார்கள். கரண்டியின் முதுகால் தடவிச் சமப்படுத்துவது அழுத்துவது ஆகாது. தட்டை மேசையில் வைத்து, கையை நீட்டி, உடல் பாரத்தை டம்ளரின் மேல் இறக்க வேண்டும். கலவை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முதலில் மேற்பரப்பு ஓட்ஸ் நுனிகளோடு சொரசொரப்பாக இருக்கும். நன்றாக அழுத்தியபின் தட்டையாகப் படிந்து லேசான பளபளப்பு வரும், பசை மேலே எட்டிப் பார்க்கும். விரலால் தட்டினால் பொத்தென்ற சத்தம் போய் அடைத்த சத்தம் கேட்கும். முடிவில் உயரம் 2 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் தட்டு பெரியது என்றால் முழுத் தட்டையும் நிரப்பப் பார்க்காதீர்கள், பேப்பரை மடித்து அணை கட்டி ஒரு பக்கமாக அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரப் பார் எடுக்கும்போதே உடையும்.

ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம். ஃப்ரீசரில் 40 நிமிடம் வைத்தும் எடுக்கலாம், ஆனால் மேல் இறுகி நடு இளகலாக இருக்கும் அபாயம் உண்டு. பிறகு பேப்பரோடு தூக்கிப் பலகையில் வைத்து, நீளமான கத்தியை நேராக மேலிருந்து கீழே ஒரே அழுத்தாக இறக்குங்கள். ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் ஓட்ஸ் பிய்ந்து வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வெட்டு, குறுக்கே ஆறு பத்தி என்று போனால் 10 சென்டிமீட்டர் நீளமும் மூன்றேகால் சென்டிமீட்டர் அகலமும் கொண்ட 12 பார்கள் கிடைக்கும். ஒன்று 50 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும்.

பேரீச்சை வழி

இந்த வழியில் பாகு கிடையாது, அடுப்பு கட்டாயமில்லை. பேரீச்சையின் சதையே பசை. மென்மையான பேரீச்சை 200 கிராம் (கொட்டை நீக்கியது), ஓட்ஸ் 100 கிராம், பருப்புகள் 100 கிராம், பீநட் பட்டர் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சை காய்ந்து கெட்டியாக இருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, வடித்து, கையால் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். பிழியாமல் போட்டால் பார் அல்வாவாகிவிடும். மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் ஒரு கட்டத்தில் எல்லாம் திரண்டு ஒரே பந்தாகச் சுழலும், அதுதான் பதம். மிச்சத்தை அதில் சேர்த்துக் கையால் பிசைந்து, மேலே சொன்னபடி அழுத்திக் குளிரவைக்கலாம்.

செய்வது எளிது, கெடுப்பது கடினம். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதுதான் ஏற்றது, கொதிக்கும் தேன் பக்கத்திலேயே வராது. ஆனால் மொறுமொறுப்பை எதிர்பார்க்கக் கூடாது. பேரீச்சையின் ஈரம் ஒரே இரவில் ஓட்ஸுக்குள் போய்விடும், மறுநாள் எல்லாமே மென்மையாகத்தான் இருக்கும். மெல்லும் பார் பிடித்தவர்களுக்கு அது குறையே இல்லை.

தவறினால் எங்கே பார்ப்பது

வெட்டும்போது உதிர்கிறதா? முதலில் கேட்க வேண்டியது, முழுதாகக் குளிர்ந்ததா என்பதுதான். பாதி உதிரிகள் அவசரத்தால் வருபவை. நன்றாகக் குளிர்ந்தும் உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது பாகு கொதிக்கவில்லை. உடைந்த இடத்தை உற்றுப் பாருங்கள். ஓட்ஸ் காய்ந்து பசையே படாமல் இருந்தால் கலக்கியது போதவில்லை. பசை பட்டும் பிரிகிறது என்றால், தொட்டுப் பாருங்கள்: விரலில் ஒட்டி நூலாக இழுபட்டால் பாகு இளசு, ஒட்டாமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பீநட் பட்டரின் எண்ணெய் பிரிந்துவிட்டது. உதிர்ந்ததை வீணாக்க வேண்டாம். வாணலியில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தேன் சேர்த்து, மெல்லிய தீயில் சூடாக்கி மறுபடி அழுத்தலாம்.

கல்லாக இருக்கிறது என்றால் பாகு தாண்டிவிட்டது. அறைச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தும் இளகாவிட்டால் உடைத்துப் பாலில் போட்டுச் சாப்பிடுவதுதான் நல்லது. மென்மையாக்கப் படாதபாடு படுவதற்கு அது தகுதியானதில்லை.

முதல் நாள் மொறுமொறுவென்று இருந்த பார் மூன்றாம் நாள் நமுத்துப் போனால் தவறு யார் மேலும் இல்லை. ஒரே இடத்தில் அடைத்து வைத்த ஈரமான பொருளும் காய்ந்த பொருளும் ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். தேனிலும் திராட்சையிலும் இருக்கும் ஈரம் மெல்ல ஓட்ஸுக்கு வரும். தேனில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வேறு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அரிசிப் பொரி சேர்த்த பார்களில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். வறுப்பதை நன்றாகச் செய்தால் ஓரிரு நாள் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்.

கையில் எடுத்ததும் தொய்ந்து வளையும் பார்களில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் இருக்கும். சில செய்முறைகள் பார் இறுக வேண்டும் என்று அதைச் சேர்க்கச் சொல்கின்றன. ஃப்ரிட்ஜில் அது கட்டியாக உறைந்து பிரமாதமாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். அறையின் சூடு அதற்கு மேல் என்றால் பையில் வைத்த பார் மதியத்துக்குள் குழைந்துவிடும். பாகின் பதத்தில் பிடிக்கும் பாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாற்றங்கள்

பீநட் பட்டருக்குப் பதில் பாதாம் பட்டர், முந்திரி பட்டர், எள் விழுது எதுவும் அதே எடையில் வேலை செய்யும். பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சூரியகாந்தி விதை பட்டர். தேனுக்குப் பதில் மேப்பிள் சிரப் எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். தேனின் இருமடங்கு நேரமாவது கொதிக்கும், நேரத்தைப் பார்க்காமல் சொட்டு விட்டுப் பார்ப்பதுதான் வழி. குளுகோஸ் சிரப் தேனைவிட நன்றாகவே பிடிக்கும், தித்திப்பு குறைவு, மணம் கிடையாது.

புரதப் பொடியோ கோகோ பொடியோ சேர்ப்பவர்கள் அதே எடைக்கு ஓட்ஸைக் குறைக்க வேண்டும். 30 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அவை ஓட்ஸைவிட அதிகமாகப் பசையைக் குடித்துவிடும், பார் காய்ந்து தொண்டையை அடைக்கும். பச்சைப் பழம் எதுவும் கூடாது. வாழைப்பழம் பசைபோலத் தெரிந்தாலும் முக்கால்வாசி தண்ணீர்தான், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். கோதுமை மாவு, மைதா போன்ற பச்சை மாவை இறுக்கத்துக்காகச் சேர்க்கவே கூடாது. பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், இந்தப் பண்டத்தில் அவற்றைக் கொல்லும் சூடு எங்கும் இல்லை. ஓட்ஸ் மட்டும் ஆலையிலேயே ஆவி கண்டு வருவதால் தப்பிக்கிறது.

யாருக்குக் கொடுக்கலாம்

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துக்கள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஒன்றரை நிமிடம் கொதித்தாலும் அந்த வித்துக்கள் சாகாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பருப்பைத் துண்டுகளாகப் போடாமல் பொடித்துச் சேர்ப்பது பாதுகாப்பு, தொண்டையில் சிக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்கள் ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறித்த ஓட்ஸைத்தான் எடுக்க வேண்டும். ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவது சாதாரணம்.

வீட்டில் செய்தது, ஓட்ஸ் போட்டது என்பதால் இது இலேசான பண்டம் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஒரு பாருக்கு ஏறத்தாழ 240 கலோரி. தேனும் சர்க்கரையும் மட்டும் ஒரு பாருக்கு 11, 12 கிராம் சர்க்கரையைக் கொண்டுவரும். சேர்க்கப்படும் சர்க்கரை, தேன் ஆகியவற்றை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராம் வாக்கில் நிறுத்துவது இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. மலையேற்றத்துக்கும் நீண்ட நடைக்கும் இது அருமையான துணை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்றுக்கு மேல் சாப்பிட வேண்டியதில்லை. தித்திப்பைக் குறைக்க நினைப்பவர்கள் தேனைக் குறைத்தால் பிடிப்பும் போய்விடும். பழுப்புச் சர்க்கரையை விட்டுவிட்டு, அதற்கு ஈடாகப் பீநட் பட்டரை 20 கிராம் கூட்டிப் பார்க்கலாம். பார் கொஞ்சம் மிருதுவாக வரும், நிற்கும்.

எடுத்து வைப்பது

வெட்டியதும் ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றுங்கள். அப்படியே அடுக்கி வைத்தால் மறுநாள் எல்லாம் சேர்ந்து ஒரே பாளமாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே 4, 5 நாளும், ஃப்ரிட்ஜில் இரண்டு வாரமும் இருக்கும். கெட்டுப்போவதைவிட முதலில் வருவது சிக்கு வாடைதான். பருப்பிலும் விதையிலும் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடுவதால் வரும் வாடை அது. பொடித்த ஆளி விதை சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே பழைய பருப்பை ‘வறுத்தால் சரியாகிவிடும்’ என்று போடாதீர்கள், வறுத்தால் அந்த வாடை கூடத்தான் செய்யும். ஃப்ரீசரில் மூன்று மாதம்வரை வைக்கலாம். எடுத்துச் சுற்றியபடியே 15 நிமிடம் வெளியே விட்டுப் பிறகு பிரியுங்கள், உடனே பிரித்தால் காற்றின் ஈரம் பாரின் மேல் முத்து முத்தாகப் படிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும்.